எதிர்ல கீது, இல்லன்னுது

அடி அண்ணாமலையில் சூரியன் எப்பவும் லேட்டாத்தான் வரும். மலை எங்களுக்குக் கிழக்கே நிற்கிறது. பெரிய கோயில், பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதிக்கு மேல் நடந்து கால் வலிக்கிறவர்கள் உட்காருகிற இடம் எங்கள் ஊர். பௌர்ணமி ராத்திரியில் ஜனம் ஜனமாகப் போகும். அவங்களுக்குத் தண்ணி பாட்டிலும் சுண்டலும் வித்த காசுலதான் எங்க அம்மா என்னை பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்க வச்சது.

எங்க காலனியில் முதல்ல கம்ப்யூட்டர் வந்த வூடு எங்க வூடுதான். 2013-ல் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினி அது. அதில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சி-டாக் என்கிற மத்திய அரசு நிறுவனம் சென்னையில் வைத்து, டெபியனை அடிப்படையாகக் கொண்டு செய்தது. ஊர்த்தெருப் பசங்க நிறைய பேர் டவுனுக்குக் கொண்டுபோய் அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர் அதுக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார். எங்ககிட்ட ஐந்நூறு இல்லை. அதனால் என் மடிக்கணினியில் லினக்ஸ் தப்பித்தது. பின்னால் எனக்குச் சோறு போட்டது அந்த லினக்ஸ்தான். இதைத் தியாகம் என்றோ கொள்கை என்றோ சொல்லமாட்டேன். ஐந்நூறு ரூபாய் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் ஒரு பிழைச்செய்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இலக்கியப் பத்திரிகையில் இது எதுக்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேளுங்க. ஆனா முழுசா படிச்சிட்டுக் கேளுங்க.

2016. கடைசி வருஷ ப்ராஜெக்ட். பால் சொசைட்டியில் பால் ஊத்துறவங்களுக்குக் கணக்குப் போடுகிற ஒரு ப்ரோக்ராமை சி மொழியில் எழுதியிருந்தேன். எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு, வாரத்துக்கு என்ன பாக்கி எல்லாம் வரும். எங்க சித்தி நாலு வருஷமா பால் ஊத்தி, ஒவ்வொரு வாரமும் கணக்குல குறையுதுன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தது. அந்தக் கோபத்தில் எழுதினது. வூட்ல கரண்டும் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. அதனால் முழுக்கக் கல்லூரி லேப்பில் உட்கார்ந்துதான் எழுதினேன். அங்கே உபுண்டு 14.04 இருந்தது. அருமையாக ஓடியது.

வாய்மொழித் தேர்வு அன்றைக்கு லேப் நிரம்பிவிட்டது, மடிக்கணினி வைத்திருக்கிறவர்கள் அதிலேயே காட்டுங்கள் என்றார்கள். முந்தின ராத்திரியே எல்லாத்தையும் பென் டிரைவில் எடுத்து என் மடிக்கணினியில் போட்டு வைத்திருந்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கணுமே.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எதிரே உட்கார்ந்தார். நான் ஆணையைத் தட்டினேன். ஓடவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. ஜிலிப்சி 2.14 என்கிற வெர்ஷன் 'நாட் ஃபவுண்ட்', கிடைக்கவில்லை என்று. இன்னொரு தடவை தட்டினேன். அதே வரி. கை நடுங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் பெயரும் பிரிவும் எழுதியிருந்த தாளைப் பார்த்தார். "யார் எழுதிக் கொடுத்தது இது? நீ எழுதினது உனக்கே ஓடலையே" என்றார். கூட இருந்த உள் தேர்வாளர் சிரித்தார். "சார், லேப்ல ஓடிச்சி சார்" என்றேன். "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார்.

பாஸ் போடவில்லை. ஆறு மாசம் கழித்து மறுபடியும் எழுதித்தான் டிகிரி வாங்கினேன். அந்த ஆறு மாசத்தில் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்திருந்த வேலை போனது. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்குச் சுண்டல் கூடையை என் தலையில் வைத்தது. நடந்தேன்.

இப்போ தெரிகிறது. அது மூணு நிமிஷ வேலை. சோர்ஸ் கோடு அதே மடிக்கணினியில், அதே ஃபோல்டரில்தான் இருந்தது. அங்கேயே ஒரு தடவை திரும்பக் கம்பைல் பண்ணியிருந்தால் ஓடியிருக்கும். எனக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த ரெண்டு பேருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரியாது என்பதை அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாதது கூட என் குற்றமாக மாறியது. எத்தனை தலைமுறையாக நடக்கிறது இது.

*

என்ன நடந்தது என்று விளக்குகிறேன். மாணவர்கள் யாராவது இதே இடத்தில் மாட்டியிருக்கலாம்.

நாம் எழுதுகிற ப்ரோக்ராம் தனியாக ஓடுவதில்லை. திரையில் எழுத்தைக் காட்ட, கணக்குப் போட, ஃபைலைத் திறக்க என்று ஆயிரம் வேலைக்கு ஏற்கனவே எழுதி வைத்த லைப்ரரிகளைக் கூப்பிடுகிறது. எங்க காலனியில் கல்யாணம் என்றால் ஒவ்வொரு வூட்டுக்காரரும் தனியாக அண்டா, குண்டா, சோத்துக் கூடை வாங்கமாட்டார்கள். ஒரு செட்டு பொதுவில் இருக்கும். வேண்டியவங்க எடுத்துப் புழங்கிட்டு வைப்பாங்க. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். இதைப் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி, ஷேர்டு லைப்ரரி என்பார்கள். லினக்ஸில் பெயர் எஸ்ஓ என்று முடியும். விண்டோஸில் டிஎல்எல் என்று முடியும். கம்பைல் பண்ணும்போது ப்ரோக்ராமுக்குள் அண்டாவை வைப்பதில்லை. "இந்தப் பேருள்ள அண்டா வேணும்" என்று ஒரு சீட்டு மட்டும் வைக்கிறார்கள். ஓட்டும்போதுதான் லோடர் என்று ஒருத்தன் வந்து சீட்டைப் படித்து, தேடி, எடுத்துக் கொடுக்கிறான். கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறான். ஒரு வரி கூட ஓடாது.

எங்க காலனிப் பாத்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. எங்க அப்பா காலத்தில் பக்கத்தில் ஒரு வாடகைக் கடையில் எங்களுக்குப் பாத்திரம் தரமாட்டார்கள். காசு கொடுத்தாலும் "எல்லாம் வெளிய போயிருக்கு" என்பார்கள். அண்டா கண்ணெதிரே அடுக்கி வைத்திருக்கும். அப்புறம் எங்க பொம்பளைங்க சீட்டுக் கட்டிச் சொந்தமா ஒரு செட்டு வாங்கினாங்க. எங்க ஆயாதான் அதுக்குப் பொறுப்பு. எந்தப் பாத்திரம் எந்த வூட்ல இருக்குதுன்னு பேரப்பசங்களை விட்டு ஒரு நோட்டில் எழுத வைக்கும். நோட்டில் எழுதாத பாத்திரம் வூட்லயே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. லினக்ஸிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அதைப் புதுப்பிக்கிற ஆணைக்குப் பெயர் எல்டி-கான்ஃபிக். லைப்ரரியைப் புதுசாகப் போட்டுவிட்டு இந்த ஆணையை அடிக்க மறந்தால், பொருள் இருந்தும் இல்லைதான்.

என் ப்ராஜெக்டில் நடந்தது வேறு. லைப்ரரி இருந்தது, ஆனால் பழசு. லேப்பில் இருந்த ஜிலிப்சி 2.19. என் மடிக்கணினியில் 2.13. ஞாபகத்தில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தகவலை நகல் எடுக்கிற மெம்-காப்பி என்கிற சின்ன வேலைக்கு 64 பிட் கணினிகளில் 2.14-ல் புது வெர்ஷன் வந்தது. லேப்பில் கட்டியபோது அந்தப் புதுசைக் கேட்டுச் சீட்டு எழுதிவிட்டது. பழைய மடிக்கணினிக்கு அந்தச் சீட்டு புரியவில்லை. ஜிலிப்சியில் பழசில் கட்டினது புதுசில் ஓடும். புதுசில் கட்டினது பழசில் ஓடும் என்று உறுதி கிடையாது.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. வசதியான இடத்தில் உட்கார்ந்து கட்டுகிறவனுக்கு இந்தப் பிழை வரவே வராது. அவனிடம் எல்லாம் புதுசு. அவன் கட்டினது அவனுக்கு ஓடும். கடைசி வரிசையில் பழைய மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் 'நாட் ஃபவுண்ட்' வரும். அப்போ அவன் மெஷினைக் குறை சொல்வார்கள், அவனைக் குறை சொல்வார்கள். கட்டின இடத்தைக் குறை சொல்லமாட்டார்கள்.

*

இந்த வித்தையை எனக்குக் கல்லூரி சொல்லித் தரவில்லை. கட்டற்ற மென்பொருள்காரர்கள் சொல்லித் தந்தார்கள். கணியம் என்கிற தமிழ் மின்னிதழ் 2012-ல் தொடங்கியது. அதில் லினக்ஸ் ஆணைகளைத் தமிழிலேயே படித்தேன். விழுப்புரத்தில் ஒரு ஜிஎன்யு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்துப் பசங்களுக்குக் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். நம்ம ஆட்களில் இதைத் தொட்டவர்கள் இல்லாமல் இல்லை. எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அதன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார்கள். அதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் முதல்ல சொல்லிக் கொடுத்தது இதுதான்: பிழைச்செய்தியைப் பார்த்துப் பயப்படாதே, படி. அதில் எந்தப் பொருள் இல்லை என்று பெயரோடு சொல்கிறது. அப்புறம் எல்-டி-டி என்று ஒரு ஆணை. ப்ரோக்ராம் பெயரைக் கொடுத்து அடித்தால், அதுக்கு என்னென்ன லைப்ரரி வேணும், ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று பட்டியல் தரும். கிடைக்காததுக்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று இருக்கும். யாரோ கொடுத்த நம்பிக்கையில்லாத ப்ரோக்ராமுக்கு மட்டும் இதை அடிக்கக்கூடாது. சில சமயம் பட்டியல் எடுக்கும்போதே அந்த ப்ரோக்ராம் ஓடிவிடும். அதுக்கு ரீட்-எல்ஃப் பாதுகாப்பு.

பட்டியல் வந்ததும், இல்லாத பொருள் நிஜமாவே இல்லையா, இல்லை வேற இடத்தில் இருக்கா என்று தேடணும். நிஜமாவே இல்லை என்றால் அதுக்குரிய பொதியை நிறுவணும். வேற இடத்தில் இருந்தால் அந்த இடத்தை லோடரின் பட்டியலில் சேர்த்து எல்டி-கான்ஃபிக் அடிக்கணும். ஒரு தடவைக்கு மட்டும் போதும் என்றால் எல்டி-லைப்ரரி-பாத் என்கிற மாறியில் இடத்தைச் சொல்லி ஓட்டலாம். ஆனால் அதையே நிரந்தரமா வச்சுக்கிட்டா மற்ற ப்ரோக்ராம்கள் குழம்பும்.

செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. அஞ்சு கேட்கிறது, நம்மகிட்ட ஆறுதான் இருக்குது என்றால், ஆறுக்கே அஞ்சு என்று பெயர் வைத்துக் கொடுத்துவிடுவது. நிறைய பேர் செய்கிறார்கள். சில சமயம் ஓடும். பாதி தூரம் ஓடி, கணக்கு முடியிற நேரத்தில் கவிழும். விண்டோஸில் டிஎல்எல் இல்லை என்று வந்தால் ஏதோ ஒரு சைட்டிலிருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் இறக்கிப் போடுவார்கள். அதோட வைரஸும் வரும். விசிரன்டைம் 140 இல்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்ட்டே தருகிற விஷுவல் சி பொதியை முழுசாக நிறுவுவதுதான் சரி.

*

ஆயா கதைக்கு வருகிறேன்.

லினக்ஸில் இன்னொரு விசித்திரமான பிழை உண்டு. 32 பிட் கணினிக்குக் கட்டின ப்ரோக்ராமை 64 பிட் கணினியில் ஓட்டினால் சில சமயம் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று சொல்லும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும். பட்டியல் போட்டால் பெயர் வரும். ஓட்டினால் இல்லை என்னும். உண்மையில் இல்லாதது அந்த ஃபைல் இல்லை. அதை ஏற்றி ஓட்ட வேண்டிய லோடர்தான் இல்லை. ஆனால் பழி ஃபைல் மேல் விழும்.

ஒருநாள் ராத்திரி இதோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். ஆயா பக்கத்தில் படுத்திருந்தது. "இன்னாடா தலைல கைய வச்சிக்கினு கீற" என்று கேட்டது. "எதிர்ல கீது ஆயா, இல்லன்னுது" என்றேன். ஆயா சிரித்தது. "எம் பட்டா மாதிரியா?" என்றது.

ஆயாவிடம் வீட்டுமனைப் பட்டா இருந்தது. பழுப்பேறி, மடித்த இடம் கிழிந்து, ஒரு மஞ்சள் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூணு வருஷம் ஒரு அலுவலகத்துக்கு நடந்தது. தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டே "ரெக்கார்டுல இல்ல பாட்டி" என்பார்கள். கையில் இருக்கிறது, ஆனால் இல்லை. நம் மக்களுக்கு இது புதுசா? 1892-ல் வெள்ளைக்காரன் அரசாங்கம் நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே என்று கேட்டு, 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நிலம் எங்கேயும் போகவில்லை. இருக்கிற இடத்திலேயேதான் இருக்கிறது.

எனக்கு அன்றைக்கு ராத்திரி ஒரு யோசனை வந்தது. எல்டி-டீபக் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு ஓட்டினால், லோடர் 'இல்லை' என்று மட்டும் சொல்லாது. எந்தெந்த இடத்தில் தேடினேன், எந்த வரிசையில் தேடினேன் என்று ஒவ்வொரு வரியாகக் கக்கும். அதைப் படித்தால் தப்பான இடத்தில் தேடியது தெரிந்துவிடும்.

அந்த அலுவலகத்திடமும் அதையே கேட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. 'பட்டா இருக்கிறதா' என்று கேட்கவில்லை. அதுக்கு 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். எந்தெந்தப் பதிவேட்டில் தேடினீர்கள், எந்த வருஷத்துப் பதிவேடு, எந்தக் கிராமத்துக் கட்டு, தேடின தேதி என்ன என்று கேட்டேன். முப்பது நாளில் பதில் வரணும். வரவில்லை. மேல்முறையீடு போட்டேன். அப்புறம் வந்தது. தேடின கட்டுகளின் பட்டியலில் எங்கள் கிராமத்துக் கட்டே இல்லை. மூணு வருஷமாகப் பக்கத்துக் கிராமத்துக் கட்டில் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அல்லது தேடவே இல்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே போய், இந்தக் கட்டை எடுங்கள் என்று எங்க அம்மா மேசை எதிரே நின்றது. எடுத்தார்கள். ஆயா பெயர் இருந்தது. எழுத்துப்பிழையோடு, ஆனால் இருந்தது.

பட்டா மாறிய காகிதம் வந்தபோது ஆயா படுக்கையில் இருந்தது. அம்மா படித்துக் காட்டியது. "நான்தான் சொன்னேனே" என்றது ஆயா. வேறே ஒன்றும் சொல்லவில்லை.

*

1917-ல் அம்பேத்கர் லண்டனிலிருந்து திரும்பியபோது அவர் சேர்த்த புத்தகங்கள் வேறொரு கப்பலில் வந்தன. போரில் அந்தக் கப்பலை டார்பிடோ வீசி மூழ்கடித்துவிட்டார்கள். லைப்ரரி போனது. பிறகு பம்பாயில் ராஜகிருகம் என்று ஒரு வீட்டையே புத்தகங்களுக்காகக் கட்டினார். இதை எங்க இரவுப் பள்ளியில் பசங்களுக்கு அடிக்கடி சொல்வேன். நாங்கள் அதைக் காலனிச் சமுதாயக் கூடத்தில் நடத்துகிறோம். ஒரு மூலையில் ஆயாவின் அண்டாக்கள். இன்னொரு மூலையில் ஆறு பழைய மடிக்கணினிகள்.

போன வருஷம் எங்க சித்தப்பா மக, என் தங்கச்சி, என்னோட அந்தப் பால் கணக்கு ப்ரோக்ராமை எடுத்து அவள் கல்லூரி உபுண்டு 22.04-ல் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஓடவில்லை. இந்த முறை வேறு பிழை. திரையில் கட்டம் போடுகிற என்-கர்சஸ் லைப்ரரியில் அஞ்சாம் வெர்ஷனைக் கேட்கிறது, அங்கே ஆறுதான் இருக்கிறது. அழுதுகொண்டு வரவில்லை. பிழைச்செய்தியைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். எல்-டி-டி பட்டியலும் எழுதியிருந்தாள்.

"அண்ணா, பழைய பொதியை நிறுவினா இது ஓடும். ஆனா அடுத்த வருஷம் அந்தப் பொதியும் இருக்காது. சோர்ஸைக் குடு, நான் இங்கயே கட்டிக்கிறேன்" என்றாள்.

பழைய மெஷினில் கட்டினால் புதுசில் ஓடும் என்று நான் சொல்லித் தந்தது ஜிலிப்சிக்குச் சரி, எல்லா லைப்ரரிக்கும் சரியில்லை. அதை அவள்தான் எனக்குத் திருத்தினாள். ஓடுகிற ஃபைலை மட்டும் கொடுத்தால் அது ஒருநாள் நின்றுபோகும். எழுதின மூலத்தைக் கொடுத்தால் அடுத்தவன் தன் இடத்தில் கட்டிக்கொள்ளலாம். 2016-லும் மூலம் என் மடியிலேயே இருந்தது. திறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சோர்ஸைக் கொடுத்தேன். கட்டினாள். ஓடியது. சித்தியின் வாரக் கணக்கைப் போட்டு, குறைந்த தொகையை வரிசையாக அச்சடித்துச் சொசைட்டிக்குக் கொண்டுபோனார்கள். அதுக்கு இன்னும் பதில் வரவில்லை. எந்தக் கணக்கு நோட்டில் தேடினார்கள் என்று கேட்டு அடுத்த மனுவைத் தங்கச்சி எழுதிக்கொண்டிருக்கிறாள்.